தூரிகை தொட்ட புகைப்படங்கள்

கணிப்பொறியில் ஒரு படத்தின் வானத்தை மாற்றுவதும் முகச் சுருக்கத்தை நீக்குவதும் இன்று நொடிப்பொழுதில் முடிகின்றன. ஆயினும் இவ்வழக்கம் புதியதன்று.

1851ஆம் ஆண்டில் வெளிவந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகடு நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தது. சிவப்பை ஏறக்குறைய உணரவேயில்லை. ஆகவே நீலவானம் வெறும் வெண்மையாயிற்று. செம்பட்டும் குங்குமமும் கருத்துப்போயின. பொருள் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர் இதனை எவ்வாறு ஏற்பார்? நிலையத்தார் தகட்டின்மேல் கூரிய பென்சிலால் திருத்தினர். அச்சிட்ட தாளின்மேல் வண்ணம் தீட்டினர். நம் நாட்டில் இவ்வேலைக்குச் சிற்றோவியம் பயின்றோரும் வந்து சேர்ந்தனர்.

இராஜஸ்தானத்து நாததுவாரத்தில் ஸ்ரீநாத்ஜியை வழிபட வந்த யாத்திரிகர், தாமும் இறைவன் அருகில் நிற்பதுபோன்ற ஓவியத்தை விரும்பினர். ‘மனோரத’ ஓவியம் என்பது அதன் பெயர். ஓவியர், யாத்திரிகரின் முகத்தைப் புகைப்படத்திலிருந்து கத்தரித்து ஒட்டுவதுண்டு. உடல், ஆடை, சந்நிதி யாவும் தூரிகையின் படைப்பே. ஒட்டிய விளிம்பு தெரியாமல் வண்ணத்தை இழைப்பதில்தான் கைத்திறன் முழுவதும் இருந்தது. அந்தக் காட்சி எந்தக் கருவியின் முன்னும் நிகழ்ந்ததில்லை. எனினும் இதனைப் பொய் என்று கூற நமக்கு மனம் வருவதில்லை. முகம் அவருடையது, விருப்பமும் அவருடையதே.

1990இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தபின் அதே கத்தரியும் பசையும் திரைக்குள் புகுந்தன. ஆனால் இன்றைய வடிப்பான்களுள் சில, மூக்கைக் குறுக்கிக் கண்ணை அகட்டி, முகத்தின் அமைப்பையே மாற்றிவிடுகின்றன. ஊரை விட்டு வந்த நாம் பெற்றோரின் பழம்படத்தைப் புதுப்பிக்கக் கொடுக்கிறோம். கறையை நீக்குங்கள் என்போம். பின்னணிக்கு வண்ணமும் தீட்டுங்கள் என்போம். தாயின் முகத்தைத் தொடக் கடைக்காரருக்கு நாம் இசைவு தருவதில்லை.