சொல்லாத நோயின் வரலாறு

நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நடும் பெண்கள், கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் பெண்கள், பள்ளி மைதானத்தில் ஓடியாடும் மாணவியர் ஆகியோரில் பலருக்கு ஒரு தொல்லை உண்டு. இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால், குதித்தால் சிறுநீர் சற்றே கசிந்துவிடும். இதை அவர்கள் பெற்ற தாயிடமும் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், விளையாட்டை விடுவார்கள், திருமண வீட்டுக்குப் போவதையும் தவிர்ப்பார்கள். இது வெட்கப்பட வேண்டிய குற்றமா? இல்லை. வெறும் தசைத் தளர்ச்சியே.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தொட்டில் துணிபோல ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவது அதுவே. பேறுகாலத்தில் அது நீண்டு தளரலாம். தீராத இருமல், மலச்சிக்கல், பெருஞ்சுமை, முதுமை ஆகியவையும் அதைத் தளர்த்தும். அப்போது வயிற்றில் அழுத்தம் கூடினால் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடுவதில்லை. பிள்ளை பெறாத இளம் விளையாட்டு வீராங்கனையரிடமும் இது காணப்படுகிறது.

இந்நோய்க்கு மருத்துவம் கண்ட கதையில் ஒரு துயரமும் உண்டு. குழந்தை வெளிவராமல் பிரசவம் நாட்கணக்கில் நீண்டால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும். இதற்கு அறுவை முறை தேடிய அமெரிக்கர் மேரியன் சிம்ஸ், 1840களில் அடிமைப் பெண்களிடம் மயக்கமருந்தின்றிச் சோதனை செய்தார். அனார்ச்சா என்ற பெண் மட்டும் முப்பது முறை கத்திக்கு உள்ளானாள். இன்று பலரைக் காக்கும் அறுவைக்குப் பின்னால், சம்மதம் கேட்கப்படாத அப்பெண்களின் வேதனை இருக்கிறது.

நம் பகுதியில் நெய்யூரில் 1838-லேயே மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிற்று. ஆயினும் பேறுகாலத்துக்குக்கூட மருத்துவமனைக்குச் செல்லப் பெண்கள் நெடுங்காலம் தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்க முன்வந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. லண்டனில் மருத்துவம் பயின்ற அவர் 1916-இல் திருவனந்தபுரம் மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி தந்து அவர்களது ஆதரவைப் பெற்றார். மக்களின் அச்சம் நீங்கத் தம் முதல் குழந்தையையே மருத்துவமனையில் பெற்றார் என்பர். பின்னர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியில் எழுந்ததே.

கத்தியில்லாத வழியைப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல். தளர்ந்த கையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்றால் இடுப்புத்தளத் தசையை ஏன் வலுப்படுத்தக் கூடாது? 1948-இல் அவர் தம் பயிற்சி முறையை வெளியிட்டார். தசை சுருங்கும் அளவைக் காட்டும் சிறு கருவியையும் செய்தார். முன்னேற்றத்தைப் பெண்கள் தம் கண்ணாலேயே கண்டனர்.

பயிற்சி எளிது. காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் அத்தசையை மேல்நோக்கிச் சுருக்கிச் சில வினாடி நிறுத்துக. அதே அளவு நேரம் தளர்த்துக. மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. ஒரு வேளைக்கு எட்டு அல்லது பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமேனும் செய்தால்தான் பலன் தெரியும். சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழக வேண்டாம். எரிச்சல், இரத்தம், ஓயாத ஒழுக்கு, அடக்கமுடியாத அவசரம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் காண்பது அவசியம். பயிற்சியால் குணமாகாதவர்க்கு அறுவை முறைகளும் உண்டு.

மருந்தைவிட அரிதாக இருப்பது வாய்திறக்கும் துணிவே. கண் மங்கினால் தயங்காமல் சொல்கிறோம்; கால் வலித்தால் சொல்கிறோம். இதுவும் உடலின் ஒரு தசைதானே? வீட்டில் அம்மாவோ அக்காவோ நடையைக் குறைத்து, தண்ணீரை ஒதுக்கினால், பரிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வியே சிகிச்சையின் முதற்படி.