வியர்வைத் துணியின் வரலாறு

உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களில் பலர் தம் உடலின்மீது காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அப்போது உடுத்தும் துணியின்மீது காட்டுவதில்லை. ஓடி முடித்ததும் நனைந்த பனியனைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கிறோம். மாலையில் வெளியே எடுக்கும்போது முகத்தைச் சுளிக்கிறோம். நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்த பிறகும், மறுநாள் சிறிது வியர்த்தவுடன் அதே நாற்றம் திரும்பி வருகிறது. நம் தாத்தாக்கள் கட்டிய பருத்தி வேட்டியிலும், சிலம்பம் ஆடியவர்கள் வரிந்து கட்டிய கச்சையிலும் இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. அப்படியானால் மாறியது எது? வியர்வையா, துணியா, துவைக்கும் முறையா?

இக்கேள்விக்கு விடை காண நாம் ஈராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். செல்லும் வழியில் தென்காசியையும் குற்றாலத்தையும் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். துணி துவைப்பதற்கு வேண்டிய நீர், காற்று, வெயில் ஆகிய மூன்றின் இயல்பையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்ள இப்பகுதியைப் போல் வாய்ப்பான இடங்கள் குறைவு.

களர் நிலத்துக் கிணறு

சங்க இலக்கியத்தில் துணி வெளுக்கும் பெண்ணுக்குப் ‘புலைத்தி’ என்று பெயர். களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் துவைத்து வெளுத்த துணியைப் பற்றிப் புறநானூற்றின் 311ஆம் பாடல் பேசுகிறது. நல்ல நீர் இருக்க, களர் நிலத்துக் கிணறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது.

இன்றைய வேளாண் விஞ்ஞானிகள் உவர் நிலம், களர் நிலம் என இரண்டைப் பிரித்துச் சொல்கிறார்கள். உவர் நிலத்தில் சமையல் உப்புப் போன்ற கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். களர் நிலத்தில் சோடியம் மிகுந்திருக்கும். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் காணப்படும். சோடியம் கார்பனேட் என்பது வேறொன்றுமில்லை, கடையில் நாம் வாங்கும் சலவைச் சோடாதான். அது நீருக்குக் காரத்தன்மை தருகிறது. காரம் எண்ணெய்ப் பிசுக்கைத் தாக்கி, அதன் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. ஆகவே அழுக்குத் துணியில் இருக்கும் எண்ணெயே அழுக்கை நீக்கும் பொருளாக மாறுகிறது! சலவைத் தொழிலாளர்கள் வெயில் காலத்தில் நிலத்தின்மேல் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி எடுத்துவந்ததன் காரணம் இதுவே. அவர்கள் ‘உவர்மண்’ என்று அழைத்தது பெரும்பாலும் இந்தக் காரமண்தான்.

வெள்ளாவியின் திறமை

உவர்மண் கரைசலில் துணியை நனைத்துப் பிழிந்து, பெரிய பானையின்மேல் சுருள் சுருளாக அடுக்கி, அடியில் தீ மூட்டி, இரவெல்லாம் நீராவியில் வேகவிடுவார்கள். இதுதான் வெள்ளாவி. மறுநாள் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி, மணலிலோ புல்லிலோ விரித்து உலர்த்துவார்கள்.

இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன. காரம் எண்ணெயைப் பிரிக்கிறது. நீராவியின் வெப்பம் அவ்வேலையைத் துரிதப்படுத்துவதோடு நுண்ணுயிர்களையும் பெருமளவு கொன்றுவிடுகிறது. கல்லில் அடிப்பது நூலிடையே சிக்கிய தூசியை வெளியேற்றுகிறது. இறுதியில் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மஞ்சள் கறையை வெளுக்கின்றன. பருத்தி இவ்வளவையும் தாங்கும். அதன் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் காரத்துக்கு எளிதில் அழிவதில்லை. மேலும் பருத்தி நூல் உலர்ந்திருக்கும்போதைவிட நனைந்திருக்கும்போது அதிக வலிமை கொண்டது. பட்டுக்கும் கம்பளிக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அவை புரதத்தால் ஆனவை, காரம் அவற்றைத் தின்றுவிடும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டையின் நுரையைப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள சபோனின் என்ற பொருள் காரமின்றியே அழுக்கை நீக்க வல்லது.

யாருடைய துணி எது என்பதை அறியச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடும் வழக்கமும் இருந்தது. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அக்குறி அழியாது.

இவ்வளவு நுட்பமான அறிவு படைத்த மக்களைச் சமூகம் கீழே வைத்திருந்தது. வீடு வீடாகச் சென்று பெற்ற சோறும், அறுவடைக் களத்தில் அளந்த தானியமுமே அவர்களுக்குக் கூலி. அந்த அறிவு ஏட்டில் ஏறாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. இன்று வெள்ளாவி மறைந்து வருகிறது. அதனோடு அந்த அறிவும் மறைந்துவிடக் கூடாது.

அருவி நீரும் கிணற்று நீரும்

சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மலையில் பெய்த மழை நீர் கெட்டியான பழம்பாறைகளின்மேல் விரைந்து ஓடி வருவதால் அதில் உப்புகள் கரைய நேரமில்லை. எனவே அருவி நீர் மென்னீர். சிறிது சோப்பிலேயே நுரை பொங்கும்.

கிழக்கே சமவெளிக்கு இறங்கினால் நிலை மாறுகிறது. மண்ணிலும் பாறையிலும் சுண்ணாம்பு மிகுந்த இடங்களில் கிணற்று நீர் கடினமாகிறது. அதே தாமிரபரணிச் சமவெளியிலுள்ள தாழையூத்தில் சுண்ணாம்புக்கல்லை நம்பியே 1949-இல் ஒரு சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது என்றால், நிலத்தின் தன்மையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத திரியாக மாறுகின்றன. அது துணியிலேயே படிந்து, அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சலவைச் சோடாவைக் கலந்தால் அது கால்சியத்தை வீழ்படிவாக்கி நீரை மென்மையாக்கும். களர் நிலத்துக் கிணற்றின் பயன் இப்போது இன்னும் தெளிவாகப் புரிகிறதல்லவா?

சோப்பும் சலவைத் தூளும்

ஐரோப்பாவில் 1791-இல் லெப்லாங்க் சமையல் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1861-இல் சால்வே அதைவிட மலிவான முறையைக் கண்டார். கொழுப்பின் இரசாயனத்தைச் செவ்ரூல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவை மூன்றும் சேர்ந்து சோப்பை ஏழைக்கும் எட்டும் பொருளாக்கின. 1888-இல் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. சென்னை மாகாண அரசே 1914-இல் கள்ளிக்கோட்டையில் சோப்பு ஆலை தொடங்கியது. 1939-இல் குஜராத்தின் மித்தாப்பூரில் சோடாவுக்கான டாட்டா நிறுவனம் தோன்றியது.

அடுத்து வந்தது சலவைத் தூள். முதல் உலகப் போரில் கொழுப்புப் பஞ்சம் ஏற்பட்ட ஜெர்மனியில் செயற்கைச் சலவைப் பொருள்களுக்கான முயற்சி தொடங்கியது. 1946-இல் அமெரிக்காவில் டைடு வந்தது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கினார். சலவைத் தூள் கடின நீரிலும் திரியாது. கிணற்று நீரை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை.

துணியும் மாறியது

இதே காலத்தில் துணியும் மாறியது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். நம் ஊரில் டெரிலின், டெரிகாட்டன் என்று பெருமையோடு அணிந்தோமே, அதன் மூலம் இதுதான். 1958-இல் அமெரிக்காவில் ஷிவர்ஸ் என்பவர், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பாண்டெக்ஸ் இழையை உருவாக்கினார். இன்றைய விளையாட்டு உடைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் கலவையே.

பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே வியர்வை நூலுக்குள் புகாமல் இழைகளின் இடையே பரவி விரைவில் ஆவியாகிறது, உடை கனக்காது. இது நன்மை. ஆனால் நீரை வெறுக்கும் அதே இழை எண்ணெயை விரும்புகிறது. தோலின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடுவதில்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

புதிதாகச் சுரந்த வியர்வை ஏறக்குறைய நீர்தான். அதற்கு நாற்றம் மிகக் குறைவு. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையையும் எண்ணெயையும் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். 26 பேர் கடுமையாகச் சைக்கிள் பயிற்சி செய்தபின் அவர்களுடைய சட்டைகளை ஆராய்ந்ததில், பருத்தியைவிடப் பாலியெஸ்டரே அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அதில் செழித்திருந்தது.

ஈரத்துணியின் ஊசல் நாற்றம் வேறு வகை. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு மொராக்செல்லா என்னும் பாக்டீரியா காரணம் என்று காட்டினர். குற்றாலச் சாரல் காலத்தை அறிந்தவர்களுக்கு இந்நாற்றம் புதிதல்ல. ஜூன் முதல் ஆகஸ்டு வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் பாக்டீரியாவுக்கு விருந்து.

எப்படித் துவைப்பது?

இதுவரை பார்த்த வரலாறே நமக்கு வழி காட்டுகிறது. பருத்தி உடையானால் பழைய முறை இன்றும் பொருந்தும்: வெந்நீர், சோடா, நல்ல வெயில். பாலியெஸ்டருக்கும் ஸ்பாண்டெக்சுக்கும் வெள்ளாவி ஆகாது. அதிக வெப்பத்தில் பாலியெஸ்டரில் மடிப்புகள் நிலைத்துவிடும். ஸ்பாண்டெக்ஸ் நெகிழும் தன்மையை இழக்கும். குளோரின் கலந்த வெளுப்புப் பொருளும் ஸ்பாண்டெக்சுக்குப் பகை.

பயிற்சி முடிந்ததும் உடையைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள். முடிந்தால் அன்றே அலசுங்கள். வியர்வையும் எண்ணெயும் உட்பக்கத்தில்தான் படிகின்றன. ஆகவே உட்புறத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், அளவான சலவைத் தூளில் அரைமணி ஊறவிட்டால் போதும். தூளை அள்ளிப் போட்டால் அதன் மிச்சம் துணியில் தங்கி அழுக்கைப் பிடிக்கும். துணியை மென்மையாக்கும் திரவங்களைத் தவிருங்கள். அவை இழையின்மேல் பூச்சாகப் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கின்றன. கல்லில் அடிக்காமல், முறுக்காமல், அழுத்திப் பிழிந்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். சாரல் நாட்களில் துணிகளுக்கிடையே இடைவெளி விட்டு மின்விசிறியின் கீழ் போடுங்கள்.

ஆறு எங்கே போகிறது?

ஒரு கடமை மீதமிருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு செயற்கை இழை ஆடையை ஒரு முறை துவைக்கும்போது 1,900-க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் நீரில் கலக்கக்கூடும் என்று தெரியவந்தது. உவர்மண் ஆற்றோடு கரைந்து போயிற்று. இந்த இழைகள் கரைவதில்லை. குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அருவியோடு நின்றால் போதாது. படித்துறையிலும் அந்த எச்சரிக்கை நமக்கு வேண்டும். சிற்றாற்றில் கலப்பது தாமிரபரணிக்குப் போகிறது. தாமிரபரணி பல ஊர்களின் குடிநீராகிப் புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. ஆற்றில் துவைக்காமல் வாளியில் துவைத்து, அழுக்கு நீரை ஆற்றுக்கு எட்டாமல் நிலத்தில் ஊற்றுவது, தேவையான அளவே தூள் போடுவது, வலிந்து தேய்க்காமல் இருப்பது ஆகியவை நம்மால் இன்றே செய்யக் கூடியவை. நம் உடைக்கும் அது நல்லது. ஆற்றின் கீழே தண்ணீர் மொள்ளும் குடத்துக்கும் அது நல்லது.