பூங்காவின் வாயில் யாருக்கு?

பார்சிலோனா நகரின் குவெல் பூங்கா, மக்களுக்கென்று எழுந்ததன்று. 1900இல் தொழிலதிபர் யுசேபி குவெல், கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியைக் கொண்டு, செல்வர்க்கென மதில் சூழ்ந்த குடியிருப்பொன்றை அமைக்கத் தொடங்கினார். 60 காணித் துண்டுகளுக்குப் போதிய அளவில் வாங்குவோர் கிடைத்திலர். 1914இல் வேலை நின்றது. முதலாளியின் கணக்குத் தவறியதால் மக்களுக்கு ஒரு சோலை கிடைத்தது: 1922இல் மாநகர சபை அதனை வாங்கி, 1926இல் பொதுப் பூங்காவாகத் திறந்தது.

1984இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. காலப்போக்கில் உல்லாசப் பிரயாணிகள் வெள்ளமெனத் திரண்டனர். அயலவர்க்குத் தம் சோலையிலேயே இடம் அரிதாயிற்று. 2013இல் கௌடியின் வேலைப்பாடு செறிந்த பகுதிக்குக் கட்டணம் வந்தது, அயலவர்க்கு விலக்களிக்கப்பட்டது. அவர்கள் ஏறும் 116ஆம் இலக்கப் பஸ்ஸிலும் நெரிசல் தாங்காமற் போகவே, சபையின் வேண்டுகோளின்படி அவ்வழி கூகுள் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டதை 2024இல் உலகம் அறிந்தது. தம் பஸ்ஸை மறைத்து வைத்தே அதில் இடம்பிடிக்க வேண்டிய நிலை!

வருவோரை நாம் வெறுக்கவில்லை. கலை உலகத்தார் யாவர்க்கும் உரியது. ஆயினும் பிரயாணி ஒரு நாள் வருகிறான். அயலவனோ நாள்தோறும் அங்கே மூச்சு விடுகிறான். அவனுக்களிக்கும் விலக்கு சலுகையன்று, உரிமை. விதிகள் அவன் தேவையிலிருந்தே தொடங்க வேண்டும். இன்றேல், 1926இல் மக்களுக்குத் திறந்த வாயில், சீட்டு விற்கும் வாயிலாகவே எஞ்சும்.