வாக்குக்கு ஈடாக ஒரு பள்ளிக்கூடம்

1880-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தேர்தல் நேரம். மேக்கன் கவுண்டியிலிருந்து மாநில செனட்டுக்குப் போட்டியிட்டவர் டபிள்யூ. எஃப். ஃபாஸ்டர். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதிப் படையில் கர்னலாக இருந்தவர். ஆனால் அந்த வட்டாரத்தில் கறுப்பின மக்களே அதிகம். அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த வாக்குகள் இல்லாமல் கரையேற முடியாது என்று தெரிந்து, ஃபாஸ்டர் உதவி கேட்டது லூயிஸ் ஆடம்ஸிடம்.

ஆடம்ஸ் அடிமையாகப் பிறந்தவர். தகர வேலை, செருப்புத் தைப்பது, குதிரைச் சேணம் செய்வது மூன்றிலும் கைதேர்ந்தவர். டஸ்கிகீ ஊரில் அவர் சொன்னால் அவருடைய மக்கள் கேட்பார்கள். வாக்குச் சேகரித்துத் தந்தால் பதிலுக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எங்கள் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். ஃபாஸ்டர் ஜெயித்தார், சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். 1881 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. கறுப்பின ஆசிரியர்களை உருவாக்க டஸ்கிகீயில் ஒரு பள்ளி, அதற்கு ஆண்டுக்கு 2,000 டாலர். அந்தப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை.

தலைமை ஆசிரியர் ஒருவரை அனுப்பும்படி வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்துக்குக் கடிதம் போனது. கேட்டவர்கள் ஒரு வெள்ளையரை எதிர்பார்த்தார்கள். ஹாம்ப்டனின் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பரிந்துரைத்தது, அடிமைக் குடிசையில் பிறந்த தம் மாணவர் புக்கர் டி. வாஷிங்டனை. அப்போது அவருக்கு வயது 25.

1881 ஜூலை 4 அன்று 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. இடம், ஒரு தேவாலயமும் அதையொட்டிய இடிந்த குடிசையும். மழை பெய்தால் கூரை ஒழுகும். மாணவர் ஒருவர் எழுந்து வந்து குடை பிடிக்க, அதன் கீழ் நின்று வாஷிங்டன் பாடம் கேட்பார். வந்தவர்களில் பலர் ஏற்கெனவே கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். நாற்பதை நெருங்கியவர்களும் இருந்தார்கள். வட்டிக் கணக்கின் சூத்திரங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் வங்கிக் கணக்கு அவர்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

சில வாரங்களில் ஒலிவியா டேவிட்சன் ஆசிரியையாக வந்து சேர்ந்தார். பின்னாளில் கல்லூரியான இந்தப் பள்ளியின் வரலாற்றில் இவருக்குரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு பண்ணை, சுமார் 100 ஏக்கர், 500 டாலருக்கு விலைக்கு வந்தது. முன்பணமான 250 டாலரை ஹாம்ப்டனின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடனாகக் கொடுத்தார். அந்தக் கடனையும் மீதித் தொகையையும் அடைக்க டேவிட்சன் வீடு வீடாக ஏறி இறங்கினார். வெள்ளையர், கறுப்பர் என்று பார்க்காமல் கேட்டார். விருந்து நடத்திப் பணம் திரட்டினார். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர், கந்தல் உடையோடு தடி ஊன்றி வந்து, தான் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனதை வாஷிங்டன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கோடீஸ்வரர்கள் பலர் பின்னாளில் கொட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆறு முட்டைகளைத்தான் அவர் தனியாக நினைவில் வைத்திருந்தார்.

பண்ணையில் இருந்தவை ஒரு குடிசை, பழைய சமையலறை, குதிரை லாயம், கோழிக் கொட்டகை. லாயமும் கோழிக் கொட்டகையும்கூட வகுப்பறைகளாயின. காட்டைத் திருத்திப் பயிரிட வேண்டும் என்றதும் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். படிப்பதே மண்வெட்டியிலிருந்து தப்பிக்கத்தானே என்பது அவர்கள் நியாயம். அடிமைக் காலத்து உழைப்பின் தழும்பு ஆறாத தலைமுறை அது. வாஷிங்டன் தானே கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கட்டடம் கட்டச் செங்கல் வேண்டும். ஊரில் சூளையே கிடையாது. சரி, நாமே அறுப்போம் என்று இறங்கினார்கள். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் குழைக்க வேண்டியிருந்தது. இதற்காகவா வந்தோம் என்று சிலர் பள்ளியை விட்டே போனார்கள். ஏறத்தாழ 25,000 கற்களோடு முதல் சூளை அடுக்கப்பட்டது. சூளை பிடித்த முறை தவறு. கல் சரியாக வேகவில்லை. இரண்டாவது சூளையும் வீண். மூன்றாவது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு சூளை வெந்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முடியும் தறுவாயில், நள்ளிரவில், சூளை சரிந்து விழுந்தது.

கையில் ஒரு டாலர்கூட இல்லை. விட்டுவிடலாம் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். வாஷிங்டன் தம் பழைய சட்டைப்பைக் கடிகாரத்தை மான்ட்கோமரி நகரத்துக்கு எடுத்துப்போய் 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தப் பணத்தில் நான்காவது சூளை போடப்பட்டது. அது வெந்தது. கடிகாரம் மூழ்கிப்போனது; அதற்காக அவர் வருந்தவேயில்லை.

பின்னால் நடந்ததுதான் முக்கியம். கல் தரமாக இருந்ததால், பள்ளியைச் சந்தேகத்தோடு பார்த்த வெள்ளையர்களும் விலைக்கு வாங்க வந்தார்கள். வண்டி செய்வது, மரவேலை, அச்சு வேலை என்று தொழில்கள் பெருகின. கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கு 1884-இல் இரவுப் பள்ளி தொடங்கியது: பகலில் பத்து மணி நேரம் பட்டறையிலோ வயலிலோ வேலை, இரவில் இரண்டு மணி நேரம் பாடம். முதல் பத்தொன்பது ஆண்டுகளில் எழுந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை எல்லாம் பெரும்பாலும் மாணவர்கள் கட்டியவை. 1900 வாக்கில் ஒரே பருவத்தில் 12 லட்சம் செங்கல் அறுத்தார்கள். 1892-இல் மாநிலச் சட்டம் ஒன்றின் மூலம் டஸ்கிகீ தனித்து இயங்கும் தனியார் நிறுவனமானது. அதே ஆண்டு, எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் கட்டடக்கலை கற்பிக்க வந்தார். வளாகத்தின் புகழ்பெற்ற கட்டடங்கள் அவர் வரைந்தவை.

1896-இல் வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பருத்தியை மட்டுமே பயிரிட்டுச் சத்து இழந்த மண்ணில் நிலக்கடலை, காராமணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடச் சொன்னார். கல்லூரிக்கு வர முடியாத விவசாயியிடம் கல்லூரியே போகட்டும் என்று 1906-இல் ஒரு குதிரைவண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கார்வரைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருப்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் வாக்கு என்ன ஆயிற்று? 1895-இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரையில், அரசியல் உரிமைக்காக இப்போது கிளர்ந்தெழ வேண்டாம், முதலில் தொழிலும் பொருளும் சேரட்டும் என்ற பொருளில் வாஷிங்டன் பேசினார். வெள்ளையர் உலகம் கைதட்டியது. 1901-இல் அலபாமாவின் புதிய அரசியலமைப்பு கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1903-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் தம் புத்தகத்தில் வாஷிங்டனை நேருக்கு நேர் எதிர்த்தார். வாக்கும் உயர்கல்வியும் இல்லாமல் கைத்தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகம் தன் உடைமையைக் காப்பாற்ற முடியாது என்றார். அதே ஆண்டு, தென்னாப்பிரிக்காவில், தமிழ்ப் பகுதியோடும் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் காந்தி வாஷிங்டனைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

யார் பக்கம் நியாயம்? டு பாய்ஸின் பக்கம்தான் என்று தயங்காமல் சொல்வேன். வாக்கைக் கொடுத்து வாங்கிய பள்ளியின் தலைவரே வாக்குரிமைக்காகப் பொதுமேடையில் உரத்துக் குரல் கொடுக்காமல் இருந்தது பெரும் விலை. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தது பிற்கால ஆய்வுகளில் வெளிவந்தது. ரகசியம் என்பதாலேயே அது மக்களுக்குத் தைரியம் தரவில்லை.

1915 நவம்பர் 14 அன்று வாஷிங்டன் காலமானபோது சுமார் 1,500 மாணவர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அறக்கட்டளை நிதி. அடுத்து வந்த ராபர்ட் மோட்டன் காலத்தில், 1923-இல், முதல் உலகப் போரில் பணிபுரிந்த கறுப்பின வீரர்களுக்கான மருத்துவமனை டஸ்கிகீயில் திறக்கப்பட்டது. அதைக் கறுப்பின மருத்துவர்களே நடத்த வேண்டும் என்று மோட்டன் நின்றார். வெள்ளையர் மேலாதிக்க அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் ஊருக்குள் ஊர்வலம் போய் மிரட்டியும் அவர் அசையவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற கறுப்பின வீரர்களான டஸ்கிகீ விமானிகள் பயிற்சி எடுத்ததும் இங்கேதான்.

ஒரு களங்கமும் உண்டு. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் நோய் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களை, நோயின் போக்கைப் பார்ப்பதற்காகவே சிகிச்சை தராமல் விட்டது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கல்லூரியின் மருத்துவமனை அதற்கு இடம் கொடுத்தது. நம்பிக்கையோடு வந்தவர்களுக்கு இழைத்த இந்தத் துரோகத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

வாக்கின் கதை 1957-இல் மறுபடி தலையெடுத்தது. சட்டம் போட்டு, சதுரமாக இருந்த டஸ்கிகீ நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விநோத உருவமாக மாற்றினார்கள். சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர அத்தனை பேரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஒரு வெள்ளையர்கூட வெளியேறவில்லை. வழக்குத் தொடுத்தவர் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன். அவர் பின்னால் நின்றவர்களில் பலர் கல்லூரியிலும் போர் வீரர்களுக்கான மருத்துவமனையிலும் சம்பளம் வாங்குபவர்கள். வாக்குக் கேட்டால் வேலையைப் பறித்துவிடுவேன் என்று உள்ளூர் முதலாளி யாரும் அவர்களை மிரட்ட முடியாது. அந்தப் பொருளாதார பலத்தை வாஷிங்டனின் பட்டறைகள்தான் கட்டித் தந்தன; அதைக் கொண்டு டு பாய்ஸ் கேட்டதை அவர்கள் வாங்கினார்கள்.

1960 நவம்பர் 14, வாஷிங்டனின் நினைவு நாள். அந்த எல்லை மாற்றத்துக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. 1964-இல் கறுப்பினத்தவர் நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1972-இல் ஜானி ஃபோர்டு டஸ்கிகீயின் முதல் கறுப்பின மேயரானார்.

(தொடரும்)