ராஜ்தூத் 350 இன்ஜினுக்கு என்ன விலை?

இந்த முறை காமர்ஸும் வரலாறும் கலந்து ஒரு கட்டுரை.

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் சித்தப்பா பட்டறையில் சாக்குப் போட்டு மூடிய பழைய இன்ஜின் ஒன்று கிடக்கிறது. போன மாதம் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை கேட்டார். "பி.காம். படிக்கிறியே, இதுக்கு என்ன விலைன்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார் சித்தப்பா. மாட்டிக்கொண்டேன்!

அது ராஜ்தூத் 350 இன்ஜின். யமஹா 1973-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஆர்.டி.350-ஐ, 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 6 கியர். எச்.டி. மாடலுக்கு 30.5 குதிரைத்திறன். அன்றைய நம் சாலைகளுக்கு அது ராட்சசன்தான்! ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. மைலேஜுக்காக 27 குதிரைத்திறனில் எல்.டி. மாடல் வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற வண்டிகள் வந்ததும் மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1980-களின் முடிவோடு உற்பத்தியும் நின்றது.

சரி, விலைக்கு வருவோம். பாடப்புத்தகப்படி ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், 100 ரூபாய்ப் பொருள் 40 வருடத்தில் சுமார் 15 பைசா! இரும்புக்காரரே இதைவிட அதிகம் தருகிறாரே...

வாங்குபவர் பார்ப்பது வேறு. முதலில் எச்.டி.யா, எல்.டி.யா? அடுத்து சிலிண்டர். அதன் உள்விட்டம் 64 மி.மீ. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் கொஞ்சம் பெரிதாகும், ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது. மூன்றாவது, போர்ட். இரண்டாம் உலகப்போர் கால ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடந்த நாட்களில் இந்த வண்டிகளும் ஓடின. வேகத்துக்காக போர்ட்டை ராவிவிடுவார்கள். பந்தயக்காரருக்கு அது லாபம். ஆனால் கம்பெனியில் வந்தது போலவே வேண்டும் என்பவருக்கு அது குறை, திரும்பச் சரிசெய்யவும் முடியாது.

கடைசியாக, ஆர்.சி. புத்தகம். இன்ஜின் எண் கிராங்க் கேஸில் அடித்திருக்கும். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வேறு இன்ஜினைப் பொருத்த வேண்டுமென்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். எங்கள் இன்ஜினுக்கோ சேஸிஸும் இல்லை, ஆர்.சி.யும் இல்லை. ஒரு காகிதம் தொலைந்ததில் பாதி மதிப்பு போச்சு!

ஆனாலும் உள்ளே கிராங்க், கியர்கள் நன்றாக இருக்கின்றன. அவை இல்லாமல் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் ஒருவருக்கு இது தங்கம். அந்த ஒருவர் கிடைக்கும் வரை காத்திருப்பதுதான் இதன் விலை. இரும்புக்காரரின் தராசுக்கு அது தெரியாது.

"அப்போ விக்க வேணாம்னு சொல்ற?" என்றார் சித்தப்பா. பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, மறுபடி சாக்கைப் போட்டு மூடினார்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி பத்திரப்படுத்துங்கள் நண்பர்களே!