மாறிலியும் கோலிக்குண்டும்

1917-இல் ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். அண்டம் அசையாது நிற்பதென்று அக்காலத்தவரைப் போல் அவரும் நம்பியதே காரணம். அது விரிகிறது என்பதை ஹப்பிளின் அளவீடுகள் 1929-இல் காட்டவே, 1931-இல் மாறிலியைக் கைவிட்டார். 1998-இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரு குழுக்கள், விரிவு விரைவுபடுவதைக் கண்டன. கைவிடப்பட்ட மாறிலி கரும் ஆற்றலாகத் திரும்பியது.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஆண்டு 1995. ஃப்ரீமன், ஹில், ஸ்டெபின்ஸ், வாகா ஆகிய நால்வர், அந்த ஆற்றல் மாறிலியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, மிக நொய்ய ஒரு புலமாகவும் இருக்கலாம் என்று அப்போதே எழுதிவிட்டனர். அப்புலம் ஆக்ஸியானின் உறவு. ஆக்ஸியான் என்பது அணுக்கருவிசையின் புதிர் ஒன்றுக்காக 1977-இல் பெச்சியும் குவினும் முன்வைத்த தீர்விலிருந்து பிறந்த துகள். கோட்பாட்டின் கறையை நீக்கியதால் வில்செக் அதற்கு ஒரு சலவைப்பொருளின் பெயரை இட்டார். சொல்லாராய்ச்சி செய்யும் தமிழாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

குன்றின் உச்சியருகே கெட்டித் தேனில் சிக்கிய கோலிக்குண்டை எண்ணிக்கொள்ளுங்கள். அண்டத்தின் விரிவே அந்தத் தேன். விரிவுவீதம் மிகுந்திருந்த இளமையில் குண்டு அசையாது. பார்ப்பவருக்கு அது மாறிலியே. வீதம் தளர, தேன் இளகி, குண்டு மெல்ல உருளும். அப்போது அழுத்தத்துக்கும் ஆற்றலடர்த்திக்கும் உள்ள விகிதம் -1-இலிருந்து மேலேறும். மாறிலிக்கோ அது என்றும் -1 தான். இத்துகளின் நிறை, எலெக்ட்ரானின் நிறையை 1-க்குப் பின் 38 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தாற்போன்றது. எனவே வானமே அதற்குரிய ஆய்வுக்கூடம்.

அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட டெசி கருவி, 5000 ஒளியிழைகளால் கேலக்ஸிகளின் ஒளியைப் பிரித்து அளக்கிறது. ஆதிப் பிழம்பின் ஒலியலைகள் கேலக்ஸிகளின் பரவலில் விட்டுச்சென்ற, ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டுத் தடயமே அளவுகோல். 2025 மார்ச்சில் வந்த முடிவுகள் 1.4 கோடி கேலக்ஸிகளையும் குவேசார்களையும் சார்ந்தவை. அவற்றுடன் அண்டப் பின்புலக் கதிர்வீச்சையும் சூப்பர்நோவாக்களையும் சேர்த்தால், மாறும் ஆற்றலின் பக்கம் தராசு சாய்கிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பு என்பதைப் பொறுத்து, 2.8 முதல் 4.2 சிக்மா வரை. கண்டுபிடிப்பென ஏற்க 5 வேண்டும். டெசியின் தரவு மட்டும் என்றால் மாறிலியோடும் பெரிதாகப் பிணங்கவில்லை.

ஆக்ஸியான் அன்பர்கள் கொண்டாடுமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தரவுக்கு மிகவும் பொருந்தும் வளைகோடு கடந்தகாலத்தில் -1-க்குக் கீழே இறங்குகிறது. எளிய ஆக்ஸியான் புலத்தால் அங்கே போகவே முடியாது. அந்த இறக்கம் இயற்கையினுடையதா, இரண்டே எண்களால் வரைந்த வாய்பாட்டினுடையதா என்பதில்தான் இன்றைய வழக்கு நிற்கிறது. கோலிக்குண்டை உச்சிக்கு அத்தனை அருகில் வைத்தது எது என்ற கேள்வி வேறு பாக்கியிருக்கிறது.