கையெழுத்தில்லாத கடிதம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையெங்கும் சீமைக்கருவேலம்தான். குண்டாற்றில் நீரைவிட மணலையே அதிகம் பார்க்கலாம். இறைவனைப் பித்தன் என்றழைத்த சுந்தரர் பாடிய தலம் இது. இவ்வூரில் வக்கீல் சுந்தரமையரின் மகனாக 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனைப் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்றது. அப்பெயர் வருமுன் கழிந்த சில மாதங்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

1892இல் தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான் சிறுவன். 1896 ஜூலையில், நோயேதும் இல்லாதபோதே, திடீரென மரணபயம் பற்றியது. எவரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, இறப்பது எது என்று தன்னுள்ளே நோக்கினான். இன்றைய மருத்துவர் இதற்கொரு பெயர் சொல்லக்கூடும். வீட்டார் கண்டதோ படிப்பில் நாட்டம் போன பிள்ளையை. ஆகஸ்ட் 29 அன்று, தண்டனையாக எழுதிவந்த ஆங்கில இலக்கணத்தை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தவனை, இப்படிப்பட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கடிந்தார்.

அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். அக்கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுபவன் 'இது' ஆகிவிடுகிறான். கையெழுத்திட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. தன்மை ஒருமை இத்தனை விரைவில் அஃறிணையாகிய வேறொரு தமிழ்க் கடிதத்தை நாங்கள் படித்ததில்லை.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. எஞ்சிய காசையும் பூணூலையும் அய்யங்குளத்தில் எறிந்தாயிற்று. பேசாமல் அமர்ந்திருந்தவன்மீது சிறுவர்கள் கல்லெறிந்தனர். பாதாளலிங்கக் குகையில் தொடைகளைப் பூச்சிகள் அரித்தும் அசையவில்லை. அவனைக் காக்க முனைந்த சேஷாத்ரி சுவாமிகளையே ஊரில் பலர் பைத்தியம் என்றனர்.

1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி, பித்தரெனக் கருதப்பட்டுத் திரிவோரைப் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவது காவலரின் கடமை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதலே மனநோய்க் காப்பகம் இருந்தது. அவனை எவரும் அங்கே அனுப்பவில்லை. மௌனத்துக்கு 'மோனம்' என்று பெயர் வைத்திருந்த இடத்தில் அவன் போய் அமர்ந்திருந்தான். ஆகவே யாரோ சோறு கொண்டுவந்தார்கள். பூணூலை எறிந்தாலும் பிராமணசுவாமி என்றே ஊர் அழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதி அறியப்படாத ஒருவன் அதே குகையில் கிடந்திருந்தால் ஊரார் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருப்பான்?

திருச்சுழிக்குத் தென்கிழக்கே, இதே வறண்ட சீமையின் கடலோரத்தில் ஏர்வாடி இருக்கிறது. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை அண்டி நடந்த காப்பகமொன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அத்தகைய காப்பகங்களில் இருந்த பலரைக் குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டிருந்தனர்.